‘பரவலாகக் கருதப்படுகிறது’

புனேயில் திரைப்படக் கல்வி பயிலும் முதுகலை மாணவி ஒருத்தி, இரண்டாம் பருவத்தின் ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில், சிரிக்க விரும்பாத இடத்தில் சிரித்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்தது 1975இல் வெளிவந்த ‘ஜெய் சந்தோஷி மா’. கல்யாணப் பந்தல் போன்றதொரு தேவலோகம். அங்கே மூன்று தேவியர், புதிதாகப் புகழ்பெற்ற இளைய தெய்வத்தின் மீது பொறாமை கொண்டு, அவளுடைய பூவுலக அடியாளைத் துன்புறுத்தத் திட்டமிடுகின்றனர். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து வந்தது. அவளிடம் வந்து சேர்ந்தபோது அவளும் அதை வாங்கிக்கொண்டாள்.

திரையிடலுக்குப் பின் வழக்கம்போல் ஒவ்வொருவரும் ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். ‘கிட்ச்’ என்ற சொல் மூன்று முறை வந்தது. பக்தி எவ்வாறு சரக்காகிறது என்பது பற்றி ஒருவர் நன்றாகவே பேசினார். அவள் முறை வந்தபோது, “தொழில்நுட்ப அளவில் பலவீனமான படம்” என்றாள். அது பொய்யன்று. ஆனால் அவள் சொல்ல நினைத்ததும் அதுவன்று. அன்றிரவு தொலைபேசியில் ஆஜி, வியாழன்தோறும் கேட்பது போல, “இன்றைக்கு என்ன சினிமா காட்டினார்கள்?” என்று கேட்டார். “ஏதோ பழைய படம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்குத் திருப்பினாள்.

ஆஜி அந்தப் படத்தைச் சாத்தாரா மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், ஜத்ராவுக்கு வந்த கூடாரத் திரையரங்கில் பார்த்தவர். அப்போது அவருக்கு 19 வயது. கூடாரத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்கள் உள்ளே சென்றதையும், சாமி திரையில் தோன்றியபோது காசும் பூவும் எறிந்ததையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இது அவ்வூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வட இந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் பல ஊர்களில் அந்தப் படம் ஓடிய அரங்குகள் கோயில்களாக மாறியது நன்கு அறியப்பட்ட செய்தி. பெரிய நடிகர் எவரும் இல்லாத, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம், அவ்வாண்டின் பெருவெற்றிகளுள் ஒன்றாயிற்று. பதினாறு வெள்ளிக்கிழமைகள் புளிப்பைத் தவிர்த்து, வெல்லமும் கடலையும் படைத்து நோற்கும் நோன்பு, அதை அறியாத ஊர்களுக்கும் அந்தப் படத்தின் வழியே சென்று சேர்ந்தது.

விமர்சகர்கள் அன்று அதைப் பொருட்படுத்தவில்லை. அறிஞர்கள் பின்னர்ப் பொருட்படுத்தினர். மானிடவியலாளர் வீணா தாஸ் 1980இல் அது குறித்து எழுதினார். பிலிப் லுட்கன்டார்ஃப் 2002இல் அதை மீண்டும் எடுத்து விரிவாக ஆராய்ந்தார். அந்த வகுப்பின் வாசிப்புப் பட்டியலில் இரண்டு கட்டுரைகளும் இருந்தன. இருந்தும் வகுப்பு சிரித்தது. படிப்பதற்கும் சிரிப்பதற்கும் இடையே வகுப்பறைகளில் முரண்பாடு எழுவதில்லை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அறிந்திருப்பதும் அங்கே ஒரு தேர்ச்சிதான்.

அவள் அந்த ஆண்டு சொன்ன இன்னொரு பொய் எதிர்த்திசையில் இருந்தது. முதற்பருவத்தில் குரு தத் இயக்கிய ‘காகஸ் கே ஃபூல்’ திரையிடப்பட்டது. 1959இல் வந்த அந்தப் படம் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். மக்கள் அதை ஏற்கவில்லை. அதன்பின் குரு தத் எந்தப் படத்திலும் இயக்குநர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, 1964இல் இறந்தார். இன்று அது இந்தித் திரைப்பட வரலாற்றின் மாபெரும் படைப்புகளுள் ஒன்று. அவள் அதைப் பார்த்தபோது, வெற்று அரங்கினுள் மேலிருந்து விழும் ஒளிக்கற்றைக்கு இருபுறமும் நாயகனும் நாயகியும் நிற்கும் பாடற்காட்சியில் மூச்சை மறந்தாள். வி.கே. மூர்த்தியின் ஒளிப்பதிவு அது. மற்றபடி நாயகனின் தன்னிரக்கம் அவளுக்கு எரிச்சலூட்டியது. அவனுடைய துயரம் முழுவதும் அவன் ஒருவனுடையதாகவே படத்தில் கணக்கெழுதப்படுகிறது. அவன் மனைவிக்கும் மகளுக்கும் அதில் பங்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வகுப்பில் அவள் சொன்னது: “மகத்தான படம்.”

இரண்டு பொய்களையும் அச்சம் என்றோ பாசாங்கு என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இவற்றில் நடந்தது இலக்கணத்திலும் தெரிகிறது.

அவளுடைய தாய்மொழியான மராட்டியில், படம் பிடித்திருந்தால் ‘மலா ஆவட்லா’ என்பர். ‘மலா’ என்பது ‘எனக்கு’. தமிழிலும் அப்படியே: ‘எனக்குப் பிடித்தது’. கன்னடமும் மலையாளமும் இந்தியும் உணர்பவரை நான்காம் வேற்றுமையில்தான் நிறுத்துகின்றன. வங்காளம் ஆறாம் வேற்றுமையில் ‘ஆமார் பாலோ லெகேசே’ என்கிறது. மொழிக்குடும்ப எல்லைகளைத் தாண்டித் தெற்காசியா முழுவதும் பரவியுள்ள பண்பு இது. காலின் மாசிகா 1976இல் இந்தியாவை ஒரு மொழியியல் வட்டாரமாக வரையறுக்க முயன்ற நூலில் இதற்கு முக்கிய இடம் அளித்தார். இந்த அமைப்பில் எழுவாய் படம்தான், பார்த்தவர் அல்லர். தமிழில் படம்தான் பிடிக்கிறது, ஆள் பிடிபடுகிறார். பசியும் காய்ச்சலும் உறக்கமும் வருவது போலப் பிடித்தலும் வந்து சேர்வது. அதனால்தான் ‘இந்தப் படத்தை விரும்பு’ என்று கட்டளையிடலாம். ‘இந்தப் படம் உனக்குப் பிடிக்கட்டும்’ என்று சொன்னால் அது ஆசியாகவோ கேலியாகவோ மட்டுமே ஒலிக்கும்.

‘இது நல்ல படம்’ என்ற தொடரில் அந்த ‘எனக்கு’ இல்லை. ஆயினும் அது முற்றிலும் மறைந்துவிடுவதுமில்லை. ‘அந்தப் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் நான் பார்க்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் திகைப்பார். தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் சொன்னவருக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை. சுவை, அழகு, இனிமை பற்றிய சொற்கள் சொல்பவரின் நேரடி அனுபவத்தைக் கோருகின்றன. பீட்டர் லாசர்சோன் 2005இல் இத்தகைய சுவைப் பயனிலைகள் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் பொருண்மையியலில் இது பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. பார்த்திருக்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை 2014இல் திலீப் நைனன் தனியே எடுத்து ஆராய்ந்தார்.

பார்க்காதவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருக்கிறது: ‘நன்றாக இருக்கிறதாம்’. ஓரசை இடைச்சொல் அந்த ‘ஆம்’. இது என் கூற்றன்று, கேட்டதைக் கடத்துகிறேன் என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள உதவுகிறது. மராட்டியில் அதே வேலையை ‘ம்ஹணே’ செய்கிறது: ‘சினிமா சாங்க்லா ஆஹே ம்ஹணே’. ஆஜி தாம் பார்க்காத எதைப் பற்றிப் பேசினாலும் அவர் தொடர் ‘ம்ஹணே’யில்தான் முடியும். மும்பை, அரசாங்கம், மருமகள்களின் குணம், நிலவில் மனிதன் நடந்தது எல்லாவற்றுக்கும் அதே முடிவு. ‘ஜெய் சந்தோஷி மா’வுக்கு மட்டும் அது ஒருபோதும் வந்ததில்லை.

அவருடைய பேத்தி வகுப்பில் சொன்ன இரண்டு தீர்ப்புகளுக்கும் அந்த இடைச்சொல் தேவைப்பட்டது. ‘மகத்தான படமாம்’, ‘பலவீனமான படமாம்’ என்று சொல்லியிருந்தால் அவை உண்மைக் கூற்றுகள். அவள் பேசியது ஆங்கிலத்தில். அங்கே அத்தகைய ஒட்டு இல்லை. கல்விப்புலத்தின் ஆங்கிலம் அதற்குப் பதிலாக ஒரு செயப்பாட்டு வினையை வளர்த்தெடுத்திருக்கிறது. ‘பரவலாகக் கருதப்படுகிறது’ என்ற வடிவில் தமிழ் ஆய்வுரைநடைக்குள்ளும் அது வந்து குடியேறிவிட்டது. கேள்விச் செய்திக்கு ஊர்ப்பேச்சில் குறைந்தது ஒரு வாயாவது உண்டு. இந்தத் தொடருக்கு அதுவும் இல்லை. யார் கருதுகின்றனர், எப்போது கருதினர், பார்த்துவிட்டுக் கருதினரா என்ற கேள்விகள் எழாத வகையில் வினை அடைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கருதுவோர் மாறிக்கொண்டே இருப்பவர்கள் என்பதற்கு ‘ஷோலே’யைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே 1975இல், ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடிநிலைக் காலத்தில் வெளிவந்த படம் அது. முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் சாதகமாக இல்லை. வணிக வட்டாரமும் தோல்வி என்றே முடிவு கட்டியது. நாயகர்களுள் ஒருவன் இறக்கும் முடிவை மாற்றி மீண்டும் படமெடுக்கலாமா என்று தயாரிப்பாளர்கள் யோசித்ததை, அந்தப் படத்தின் உருவாக்கம் பற்றி அனுபமா சோப்ரா 2000இல் எழுதிய நூல் விவரிக்கிறது. மாற்றவில்லை. காத்திருந்தனர். மும்பையின் மினர்வா அரங்கில் மட்டும் அது 5 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அவ்வாண்டுக்கான ஃபிலிம்ஃபேர் விருதுகளில் படத்தொகுப்புக்காக ஒன்றே ஒன்று அதற்குக் கிடைத்தது. சிறந்த படம் ‘தீவார்’. 2005இல் அதே ஃபிலிம்ஃபேர், 50 ஆண்டுகளின் சிறந்த படமாக ‘ஷோலே’யை அறிவித்தது. 1975இல் மற்ற படங்களிடம் தோற்ற படம், அரை நூற்றாண்டின் படங்கள் அனைத்தையும் வென்றது. இடையில் படச்சுருளில் ஒரு சட்டகமும் மாறவில்லை. விமர்சகர்களை எதிர்த்து மக்களைத் துணைக்கு அழைப்பவர்கள், முதல் வாரத்தில் வந்து எழுந்து போனவர்களும் மக்களே என்பதை மறந்துவிடுகின்றனர். (ஆஜிக்கு ‘ஷோலே’ பிடிக்கவில்லை. குதிரைகள் அதிகம் என்றார்.)

அப்படியானால் எல்லாவற்றையும் ‘எனக்கு’ என்பதற்குள் சுருக்கிக்கொள்ளலாமா? இன்றைய மாணவர் வட்டங்களில் இது மிகவும் விரும்பப்படும் புகலிடம். ‘அது என் ரசனை’ என்றதும் பேச்சு முடிந்துவிடும். இருவரும் கண்ணியமாகத் தேநீருக்குச் செல்லலாம். இமானுவேல் காண்ட் இதை அனுமதிக்கவில்லை. 1790இல் வெளிவந்த ‘தீர்ப்புத்திறன் பற்றிய விசாரணை’யில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார். ஒரு மது எனக்கு இனிமையானது என்று திருத்திச் சொல்வதை எவரும் ஏற்றுக்கொள்வர். ஆனால் ஒரு பொருள் ‘எனக்கு அழகானது’ என்பது நகைப்புக்குரியது, ஏனெனில் அழகு என்று சொன்னவுடன் பிறரும் ஒப்ப வேண்டும் என்று கோரிவிட்டோம் என்பது அவர் வாதம். அதே நூலில் அவர் வேறொன்றும் சொல்கிறார். ஒருவர் தம்மை ஒரு நாடகத்துக்கு அழைத்துச் சென்று, அது தம் சுவைக்கு ஒவ்வாதபோது, எத்துணை பெரிய விமர்சகர்களின் விதிகளை எடுத்துக்காட்டினாலும் தாம் காதைப் பொத்திக்கொள்ளப்போவதாக எழுதுகிறார். தன் கவிதை அழகானது என்று நம்பும் இளங்கவிஞன் ஒருவனும் அவருடைய எடுத்துக்காட்டுகளில் வருகிறான். ஊரும் நண்பர்களும் சேர்ந்து மறுத்தாலும் அவனை அசைக்க முடியாது. பின்னாளில் தன் தீர்ப்புத்திறன் பயிற்சியால் கூர்மை பெற்ற பிறகு அவனே தன் பழைய கருத்தைவிட்டு விலகுகிறான். பிறருடைய ஒப்புதலைக் கோரலாம், ஆனால் பிறரிடமிருந்து தீர்ப்பைக் கடன் வாங்க முடியாது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கடினம். காண்ட்டுக்கே அது முழுமையாகக் கைகூடியதா என்பது வேறு விவாதம்.

‘பதேர் பாஞ்சாலி’ 1958இல் நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது, நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரௌதர் அதன் தொழில்திறனைக் கடுமையாகக் குறை கூறினார். கூடவே அதன் சில காட்சிகளின் அழகையும் ஒப்புக்கொண்டார். படம் அந்நகரில் பல மாதங்கள் ஓடியது. இன்று திரைப்பட வகுப்புகளில் கிரௌதரின் பெயர் கேலிக்காகவே எடுக்கப்படுகிறது. ஆனால் அவர் இருக்கையில் அமர்ந்து, பார்த்து, தமக்கு நேர்ந்ததைக் காரணங்களுடன் எழுதினார். தவறான தீர்ப்பு என்று அவரை மறுக்க முடிகிறது. ‘பரவலாகக் கருதப்படும்’ படம் என்று எழுதியவரை மறுக்கவே முடியாது. அவர் எதையும் சொல்லவில்லையே.

பருவ இறுதி விடுமுறையில் அவள் ஊருக்குச் சென்றாள். மடிக்கணினியில் படம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நோன்பு முடிந்து உண்ட பின், இருவரும் பார்த்தனர்.

தேவலோகம் வந்தது. ஆஜி சிரித்தார்.

அவள் எதிர்பார்த்திராத சிரிப்பு அது. “நம் ஊர்ப் பந்தல்காரனை விட்டிருந்தால் இதைவிட நன்றாகப் போட்டிருப்பான்” என்றார். கூடாரத்தில் பார்த்தபோதும் சிரித்தீர்களா என்று அவள் கேட்டாள். பின்னே, எல்லோரும்தான் சிரித்தோம் என்றார் ஆஜி. பூவும் எறிந்தீர்களே? எறிந்தோம்தான், சாமிக்கு எறிந்தோம், அட்டைக்கா எறிந்தோம்?

வகுப்பறை தன் கண்டுபிடிப்பாக எண்ணிய சிரிப்பு, காசு எறிந்த பெண்களிடம் அன்றே இருந்திருக்கிறது. அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் வேறுபாடு.

ஆஜி அமைதியானது வேறோர் இடத்தில். நாயகி சத்தியவதியின் கணவன் பிர்ஜுவுக்கு, அண்ணிமார் அவன் அண்ணன்மாரின் எச்சிலைத் திரட்டிப் பரிமாறுகின்றனர். அது தெரியவந்ததும் அவன் பொருள் தேடி வீட்டைவிட்டுப் போகிறான். சத்தியவதி மாமியார் வீட்டில் தனித்துவிடப்படுகிறாள். ஆஜியின் கணவர் மும்பையில் துணியாலைத் தொழிலாளி. சாத்தாரா மலையோர ஊர்களிலிருந்து அப்படிச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். மாதம் ஒரு மணியார்டர், ஆண்டுக்கு ஒருமுறை ஜத்ராவுக்கு வருகை. எஞ்சிய நாள்களில் மாமியார் வீட்டில் மருமகள்கள் எந்த வரிசையில் உண்டனர், யார் தட்டிலிருந்து யார் தட்டுக்கு எது சென்றது என்பதை ஆஜி அன்றுவரை பேத்தியிடம் சொன்னதில்லை. அன்றும் அதிகம் சொல்லவில்லை. “இதை சினிமாவில் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கூடாரத்தில் அவருக்குப் பிடித்தது எது என்பது அப்போதுதான் பேத்திக்கு விளங்கியது. தெய்வம் அல்ல, அல்லது தெய்வம் மட்டும் அல்ல. திரையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு காரணமாகும். பிறருக்குச் சுட்டிக்காட்டக்கூடியது, அவர்கள் ஒப்பலாம், மறுக்கலாம். ‘ஆஜிக்குப் பிடித்தது’ என்ற தொடர் ‘இந்தக் காட்சியில் ஒரு வலிமை இருக்கிறது’ என்ற தொடராக அங்கேதான் மாறத் தொடங்குகிறது.

படம் அவளுக்குப் பிடித்ததா என்றால், முழுவதும் பிடிக்கவில்லை. இடைவேளைக்குப் பிந்தைய பகுதி நெடுந்தூரம் இழுக்கிறது, கொட்டாவி வந்தது. ஆஜி பார்க்காத வேளையில் எவ்வளவு நேரம் பாக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். பாட்டிக்காக ஒரு படத்தைப் பிடித்ததாக்கிக்கொள்வதும் வகுப்புக்காகப் பிடிக்காததாக்கிக்கொள்வதும் ஒரே வகைச் செயல்கள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எச்சில் சோற்றுக் காட்சி மட்டும் விடவில்லை. பரிமாறும் கை, வாங்கும் கை, இரண்டுக்கும் நடுவே ஒன்றும் அறியாத முகம். அதைப் புனேயில் பார்த்தபோதும் அவள் சிரித்திருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் வகுப்பிலும் எவரும் சிரிக்கவில்லை. அது பற்றி எவரும் பேசவுமில்லை.

விடுமுறை முடிந்து அவள் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரை, 1975ஆம் ஆண்டின் மூன்று இந்திப் படங்களைப் பற்றியது: ‘ஷோலே’, ‘தீவார்’, ‘ஜெய் சந்தோஷி மா’. வரைவு முன்பே எழுதப்பட்டிருந்தது. கடைசி இரவு அவள் அந்தக் கோப்பைத் திறந்து ‘பரவலாகக் கருதப்படுகிறது’ என்பதன் ஆங்கில வடிவத்தைத் தேடினாள். 11 இடங்களில் இருந்தது. சில இடங்களில் அதை நீக்கிவிட்டுக் கருதியவரின் பெயரையும் ஆண்டையும் எழுத முடிந்தது. சில இடங்களில் எவரும் அப்படிக் கருதியதாகக் கண்டுபிடிக்க முடியாமல் வாக்கியமே போயிற்று. மூன்று இடங்களில் தான் கண்டதை எழுதினாள். அவற்றுள் ஒன்று அந்தத் தட்டைப் பற்றியது. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

இரண்டு மட்டும் மீதமிருந்தன. இரண்டும் ‘தீவார்’ பற்றியவை. அந்தப் படத்தை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை. மணி ஒன்றரை, சமர்ப்பிக்கக் காலை பத்து வரை நேரமிருந்தது, படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவள் செவிப்பொறிகளை மாட்டிக்கொண்டாள்.